டர்பன் பகுதி ஓடைகளை மீட்டெடுப்பது: புதிய ஆலோசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், இசிபிங்கோ என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதியை எடுத்தாலும் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கும். கோயில் நிர்வாகக் குழுவோ இளைஞர் சங்கமோ அதைச் சரிசெய்யக் கேட்டு வரும்போது, படிப்பை முடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் ஆலோசனைத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் செடி வாங்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள். அடுத்த மழையில் செடி போய்விடுகிறது. அதோடு மக்களின் நம்பிக்கையும் போய்விடுகிறது.

முதலில் நீர், அடுத்து மண், அதற்கும் பிறகுதான் செடி. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு பணம் கொட்டினாலும் ஓடை மீளாது. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

நிலம் யாருடையது என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். ஓடையின் ஒரு கரை மாநகராட்சியுடையதாகவும் மறு கரை தனியாருடையதாகவும் இருப்பது இங்கே சாதாரணம். உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் எந்த அனுமதி விண்ணப்பமும் நகராது.

டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடமிருந்து மூன்று வரைபடங்கள் தேவை: கழிவுநீர்க் குழாய்ப் பாதை, மழைநீர் வடிகால், வெள்ள எல்லை. இவற்றில் முதலாவதைத்தான் புதியவர்கள் கேட்கத் தவறுகிறார்கள். டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். கழிவுநீர் தானாகச் சரிந்து ஓட வேண்டும் என்பதால் குழாய்களைப் பள்ளத்தாக்குகளின் அடியில், ஓடைக்கரையை ஒட்டியே பதித்திருக்கிறார்கள். எனவே ஒரு மேன்ஹோல் பொங்கினால் அது நேராக ஓடைக்குள் போகும்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை, கைகழுவும் நீர் ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். நம் க்வாசுலு-நட்டால் மாகாண ஆறுகளில் பில்ஹார்சியா என்ற புழுநோய் உண்டு. நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியாகவே உடலுக்குள் நுழையும். வெறுங்காலுடன் இறங்கும் தன்னார்வலர்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும். தனியாகவும் போகாதீர்கள், குறைந்தது மூவராகப் போங்கள்.

2. மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள்

உங்களைக் கூப்பிட்டவர்கள் காட்டும் இடம் நோய் வெளிப்படும் இடம் மட்டுமே. காரணம் அதற்கு மேலே இருக்கும். ஆகவே ஓடை தொடங்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டும். ஒருமுறை தொடர்ந்து வெயில் அடித்த நாளிலும், ஒருமுறை மழை விட்ட மறுநாளும் நடந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு கதைகளைச் சொல்லும்.

மழையே இல்லாத வாரத்தில் ஒரு மழைநீர்க் குழாயிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தால் அங்கே நில்லுங்கள். அது உடைந்த குடிநீர்க் குழாயாக இருக்கலாம், கழிவுநீராகவும் இருக்கலாம். குளோரின் சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் குடிநீர் கலக்கிறது. அம்மோனியா சோதனைத் தாள் அதிகமாகக் காட்டினால் கழிவுநீர். இந்த இரண்டு தாள்களும் அறிக்கையின் பாதித் தலைவலியைத் தீர்த்துவிடும்.

கற்களைப் புரட்டிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் நனைந்த பஞ்சு போன்ற வழுவழுப்பான படலம் ஆடிக்கொண்டிருந்தால், கழிவுநீர் நேற்று இன்று வரவில்லை, பல வாரங்களாக வந்துகொண்டிருக்கிறது. கரையோர மேன்ஹோல் மூடியைச் சுற்றித் துணி நூலும் காகிதக் கூழும் காய்ந்து கிடந்தால், மழை நாளில் அது பொங்குகிறது என்று பொருள்.

மேலே உள்ள தொழிற்கூடங்களையும் கிடங்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் டர்பனுக்கு வடக்கே கார்னுபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, அணைக்கப் பாய்ச்சிய நீரோடு நச்சும் ஓடி உம்ஷ்லாங்கா முகத்துவாரம் வரை போனது. ஓடையின் மேல் பகுதியில் என்ன சேமிக்கப்படுகிறது என்று தெரியாமல் எழுதும் மீட்புத் திட்டம் பாதித் திட்டம்தான்.

அங்கேயே நீண்ட காலம் குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். எந்த ஆண்டு வெள்ளம் எந்தப் படி வரை வந்தது, மீன் எப்போது மறைந்தது என்று ஓர் ஆயா சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது. அக்கம்பக்கத்தில் இசிசுலு (சூலு மொழி) பேசுபவர்களும் இருப்பார்கள். நம்மவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "மக்கள் கருத்து" என்று எழுதுவது பிழை. அது பின்னால் ஆட்சேபமாகத் திரும்பி வரும்.

3. இன்றைய நிலையை அளந்து வையுங்கள்

தொடங்கும் முன் எடுக்காத அளவைப் பிறகு எப்படியும் எடுக்க முடியாது. ஓராண்டு கழித்து "என்ன முன்னேற்றம்?" என்று நிதி கொடுத்தவர் கேட்டால் காட்டுவதற்கு எண் வேண்டும்.

மினிசாஸ்: ஓடும் நீரில் வலையை வைத்துக் கற்களைக் காலால் கிளறிப் பூச்சிகளைப் பிடித்து, வெள்ளை நிறத் தட்டிலோ ஐஸ்கிரீம் டப்பாவிலோ ஊற்றி, 13 வகைகளில் எவை இருக்கின்றன என்று குறிக்கும் முறை இது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கூட்டி, கிடைத்த வகைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அழுக்கைத் தாங்காத கல்ஈ இளம்பூச்சிக்கு மிக உயர்ந்த மதிப்பெண், எதையும் தாங்கும் புழுவுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். ரசாயன மாதிரி எடுத்த நொடியை மட்டும் சொல்லும். பூச்சிகள் கடந்த பல வாரங்களைச் சொல்லும்.

இதில் தொடர்ந்து காண்பது இரண்டு பிழைகள். தேங்கிய நீரிலும் முகத்துவாரத்திலும் மினிசாஸ் எடுக்கிறார்கள். அது ஓடும் ஓடைக்கும் ஆற்றுக்கும் மட்டுமே உரியது. பெருவெள்ளம் போன கையோடும் எடுக்கிறார்கள். பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும்போது மோசமான எண் வருவதில் வியப்பில்லை. சட்டப்படியான அறிக்கைக்கு இதன் மூத்த முறையான சாஸ்5 வேண்டும். அதற்குத் தேர்ச்சி பெற்றவரை அமர்த்துங்கள்.

ஈ.கோலி (நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி): நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, உங்கள் காலால் கலங்காத மேல்பக்க நீரைக் கிருமிநீக்கிய புட்டியில் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சானாஸ் (நாட்டின் தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் கடந்த மாதிரியின் முடிவை நம்ப முடியாது. 1996இல் வெளியான தென்னாப்பிரிக்க நீர்த்தர வழிகாட்டி, நீந்திக் குளிக்கும் நீருக்கு 100 மி.லி.யில் 130 வரை என்பதை இலக்காக வைக்கிறது. நேரடிக் கழிவுநீர் கலந்த இடத்தில் இந்த எண் லட்சங்களில் இருக்கும். கோயிலின் ஆற்றங்கரைச் சடங்குகளுக்கு மக்கள் அந்த நீரில் இறங்குகிறார்கள் என்றால், முடிவு வந்த அன்றே நிர்வாகக் குழுவுக்குச் சொல்லுங்கள். அறிக்கை முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

படம்: நான்கைந்து இடங்களில் அடையாளக் கம்பு நட்டு, அதே இடம், அதே உயரம், அதே திசையிலிருந்து எடுங்கள். இடம் மாறிய "முன்னும் பின்னும்" படங்கள் எதையும் நிரூபிக்காது.

4. சதுப்பு நிலத்தின் எல்லையை மண்ணில் தேடுங்கள்

பச்சையாக இருக்கும் இடம்தான் சதுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துக்காக வாய்க்கால் வெட்டி வடித்த நிலங்களில் நாணலும் கோரையும் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் மண் மறக்கவில்லை.

மண் துளைப்பானை 50 செ.மீ. வரை இறக்கி, எடுத்த மண்ணை வரிசையாகத் தரையில் பரப்புங்கள். சாம்பல் நிற மண்ணில் ஆரஞ்சு, துருச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே நீர் ஏறி இறங்குகிறது. நீர் தேங்கும்போது காற்று கிடைக்காமல் இரும்பு கரைந்து நகர்கிறது. நீர் வற்றும்போது வேர்த்துளைகள் வழியே காற்றுப் புகுந்து அதே இரும்பு துருவாகப் படிகிறது. புள்ளியே இல்லாமல் முழுக்கச் சாம்பலாக இருந்தால் அது ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் பகுதி.

நீரிலிருந்து மேட்டை நோக்கி நேர்கோட்டில் பல குழிகள் எடுங்கள். 2005இல் நீர்த்துறை வெளியிட்ட எல்லை காணும் கையேடு நில அமைப்பு, மண் வகை, மண்ணின் ஈர அடையாளம், தாவரம் என்ற நான்கு சான்றுகளைக் கேட்கிறது. நான்கில் மண்ணின் ஈர அடையாளமே நம்பகமானது. கரையோரச் சிவப்பு மணலில் மட்டும் எச்சரிக்கை தேவை. இயல்பாகவே சிவந்த மண்ணில் துருப்புள்ளி எளிதில் தெரியாது.

5. அனுமதி

"நல்ல காரியம்தானே செய்கிறோம், அனுமதி எதற்கு?" என்று நிர்வாகக் குழு கேட்கும். ஓடையைச் சீர்படுத்தினாலும் கெடுத்தாலும் சட்டத்தின் பார்வையில் கரையை மாற்றுவது கரையை மாற்றுவதுதான்.

1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் (சட்ட எண் 36) 21ஆம் பிரிவில் 11 வகை நீர்ப் பயன்பாடுகளைச் சொல்கிறது. நமக்கு உரியவை சி, ஐ என்ற இரண்டு உட்பிரிவுகள். ஓட்டத்தைத் தடுப்பது அல்லது திருப்புவது ஒன்று. ஓடையின் படுகை, கரை, பாதை, தன்மை ஆகியவற்றை மாற்றுவது மற்றொன்று. இடர் குறைவு என்று இடர் அட்டவணை காட்டினால் பொது அனுமதியின்கீழ்ப் பதிவு செய்தாலே போதும். முழு உரிமம் வேண்டியதில்லை. ஆகவே எந்தத் திட்டத்தையும் குறைந்த இடர் வகைக்குள் நிற்கும்படி வடிவமையுங்கள். மாதக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

இன்னொரு சட்டம் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் (1998, எண் 107). அதன்கீழ் வந்த 2014 விதிகளின் முதல் பட்டியலில் 19ஆம் செயல், நீர்வழிக்குள் 10 கன மீட்டருக்கு மேல் மண்ணைக் கொட்டினாலோ தோண்டினாலோ சுற்றுச்சூழல் முன்மதிப்பீடு வேண்டும் என்கிறது. 10 கன மீட்டர் என்பது பெரிய டிப்பர் லாரி ஒரு நடை. வண்டல் அள்ளும் எந்த வேலையும் இதைத் தாண்டிவிடும். கணக்கை முதலிலேயே போடுங்கள். தொடங்கிவிட்டுப் பிறகு அதே சட்டத்தின் 24ஜி பிரிவின்கீழ்த் திருத்தம் கேட்டால் அபராதம் வரும்.

மதிப்பீட்டு விண்ணப்பத்தைக் கையாள்பவர் ஈஏபாசாவில் (சுற்றுச்சூழல் மதிப்பீட்டாளர் சங்கம்) பதிவு பெற்றிருக்க வேண்டும். நீர், சதுப்பு நில அறிவியல் அறிக்கையில் கையெழுத்திடுபவர் சாக்னாஸ்ப் (இயற்கை அறிவியலாளர் மன்றம்) பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் பதிவு இல்லையென்றால், பதிவுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யுங்கள்.

மதிப்பீட்டாளர் சுயேச்சையாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அறிக்கை எழுதுபவரே நாற்றுப் பண்ணையும் நடத்திக்கொண்டு, கரை வேலைக்கும் ஒப்பந்தம் எடுப்பது கூடாது. சமூகத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருப்பதால் இது எளிதில் நடந்துவிடுகிறது. உறவினர் நல்லெண்ணத்தில் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

6. அழுக்கை அது வரும் இடத்திலேயே நிறுத்துங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நாள் ஒதுக்குங்கள்.

உடைந்த குழாயையும் பொங்கும் மேன்ஹோலையும் மாநகராட்சியிடம் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். நாள், நேரம், இடக் குறியீடு, படம் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். ஒருமுறை புகார் செய்துவிட்டு விடாதீர்கள். அதே மேன்ஹோல் மீண்டும் பொங்கினால் மீண்டும் பதியுங்கள். திரும்பத் திரும்பப் பதிவானால்தான் அடைப்பெடுக்கும் வேலை குழாய் மாற்றும் வேலையாக உயரும்.

இனி நம் வீடுகளின் பக்கம். கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அந்தக் குழாய் மழைநீரைத் தாங்கும் அளவுக்குப் போடப்பட்டதல்ல. பெருமழையில் பத்து வீட்டுக் கூரை நீர் உள்ளே இறங்கினால், கீழே ஓடைக்கரை மூடி தூக்கிக்கொண்டு பொங்கும். இதைக் கடிதம் போட்டுச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வீடு வீடாகப் போய், தெருவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, "அண்ணே, இந்த ஒரு குழாயை மட்டும் புல்வெளிப் பக்கம் திருப்பிவிடுங்கள்" என்று கேட்க வேண்டும். யாரையும் காட்டிக்கொடுக்கும் தொனி வந்தால் கதவு மூடிக்கொள்ளும்.

கல்யாண மண்டபச் சமையலறைகளையும் பாருங்கள். ஊற்றிய எண்ணெய் குழாயில் உறைந்து அடைக்கிறது. கொழுப்புப் பொறி வைத்து அதைத் தவறாமல் சுத்தம் செய்யும் ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள்.

ஆற்றங்கரை வழிபாட்டுக்குப் பிறகு விடப்படும் மாலை, துணி, தட்டுகளுக்கு அங்கேயே ஓர் இடம் ஒதுக்குவது பற்றிக் குருக்களிடமே பேசுங்கள். அவர் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பலகைகள் பத்துக்கும் அது சமம்.

கழிவுநீர் நிற்கும் வரை கரை வேலையைத் தொடங்காதீர்கள். ஊட்டச்சத்து மிகுந்த நீரில் ஆகாயத்தாமரைதான் செழிக்கும்.

7. நீரின் வேகத்தைக் குறைத்துக் கரையைச் சாய்வாக்குங்கள்

நகரத்தில் மழைநீர் கான்கிரீட்டில் ஓடி ஒரே நேரத்தில் ஓடைக்குள் பாய்கிறது. செங்குத்தாக அறுபட்ட கரை அதனால்தான் உருவாகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த நீர் வந்தாலும் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

செங்குத்துக் கரையை, இடம் இருந்தால், உயரம் ஒன்றுக்கு அகலம் மூன்று என்ற சாய்வுக்கு வெட்டுங்கள். நீர் பரவ இடம் கிடைத்தால் வேகம் தானே குறையும். கம்பிக்கூடைக் கற்சுவரை வடிகால் குழாய் வாய், பாலத்தடி போன்ற அடி வாங்கும் இடங்களுக்கு மட்டும் வையுங்கள். கரை நெடுகச் சுவர் கட்டினால் நீர் அங்கே வேகம் பிடித்து, சுவர் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுக்காரரின் நிலத்தை அறுக்கும்.

மண் வேலையை மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில் முடித்துவிடுங்கள். இங்கே மழைக்காலம் கோடையில். திறந்த மண்ணோடு அக்டோபரை எட்டினால் அத்தனை மண்ணும் ஓடைக்குள் போகும்.

8. அயல் செடிகளை அகற்றும் முறை

மேலிருந்து கீழாக, பகுதி பகுதியாக அகற்றுங்கள். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால் விதை மிதந்து வந்து மீண்டும் முளைக்கும். இரு கரைகளையும் ஒரே நேரத்தில் மொட்டையடிக்காதீர்கள். உண்ணிச்செடியாக இருந்தாலும் அதன் வேர்தான் இன்று கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகாயத்தாமரையைக் கையால் அள்ளினால் நீரிலிருந்து நன்றாகத் தள்ளிக் குவியுங்கள். கரையிலேயே விட்டால் அழுகி, சத்து திரும்ப நீருக்குள் போகும். பரப்பு பெரிதானால் அதைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டுகளை விடும் முறை உண்டு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். களைக்கொல்லியைக் காற்றில் தெளிக்காமல், வெட்டிய அடிக்கட்டையில் உடனே தூரிகையால் பூசச் சொல்லுங்கள். அதைச் செய்பவர் பதிவு பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளராக இருக்க வேண்டும்.

வேம்பின் உறவினமான சிரிங்கா மரம் வந்தால் நிதானியுங்கள். மாரியம்மன் வழிபாட்டில் வேப்பிலைக்குப் பதிலாக அதன் இலையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இங்கே உண்டு. அது படரும் அயல் இனம்தான், ஓடைக்கரையில் இருக்கக் கூடாது. ஆனால் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் ரம்பத்தோடு போய் நிற்காதீர்கள். குழுவோடு பேசி, கடைசிப் பகுதியாக, அவர்கள் சொல்லும் நாளில் எடுங்கள்.

9. நடவு

செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை, முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள். கோடை வெள்ளத்துக்கு முன் வேர் பிடிக்கச் சில வாரங்களாவது வேண்டும்.

நீர் விளிம்பில் கோரையும் நாணலும். அதற்கு மேல் புல். அதற்கும் மேல்தான் மரம். விளிம்பில் மரக்கன்று வைப்பதே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கன்று வளைந்து கொடுக்காது, வெள்ளம் அதைப் பிடுங்கும்போது கரையும் சேர்ந்து பெயரும். சாய்வில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசை நட்டால், சொந்த நிலத்துப் புற்கள் வேரூன்றும் வரை அது மண்ணைப் பிடித்திருக்கும். விதை விழாத வகையா என்று பண்ணையில் கேட்டு வாங்குங்கள்.

மரத்தில் உம்டோனி நல்ல தேர்வு, ஈரத்தை விரும்பும். அது நம் நாவலின் உறவினம் என்பதால் குழப்பம் வருகிறது. வீட்டு நாவல் கன்றுகளை அன்போடு கொண்டுவந்து தருவார்கள். நாவல் இந்த மாகாணத்தில் படரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. இலையைப் பாருங்கள். உம்டோனியின் இலை அடியில் இதய வடிவமாகக் குழிந்து, காம்பே இல்லாததுபோல் தண்டைத் தழுவி நிற்கும். நாவல் இலைக்குத் தெளிவான காம்பு உண்டு.

இசிபிங்கோ போன்ற முகத்துவாரப் பகுதியில் வெண்கண்டல் (ஓர் அலையாத்தி மரம்) நடச் சொல்லிக் கேட்பார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் வழி திறந்திருந்தால் அது தானே விதை போட்டுப் பரவும். வழி அடைபட்டிருந்தால் நட்டாலும் நிற்காது. அங்கே செலவிட வேண்டியது நீர்வழியைத் திறப்பதில்.

10. பராமரிப்பும் ஒப்படைப்பும்

மொத்த நிதியில் பாதியைப் பராமரிப்புக்கு வையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. விண்ணப்பத்தில் அது பெரிதாகத் தெரியும், நிதி தருபவர் குறைக்கச் சொல்வார். குறைக்காதீர்கள். அதற்குப் பதில் மீட்கும் நீளத்தைக் குறையுங்கள். மண்ணில் கிடக்கும் உண்ணி விதையும் குரோமோலினா என்ற அயல் களையின் விதையும் வெளிச்சம் பட்டதும் முளைக்கும். முதல் ஆண்டில் மூன்று நான்கு முறையாவது களை எடுக்காவிட்டால் பழைய காடு திரும்பிவிடும்.

தொடர் வேலைக்கு அக்கம்பக்கத்தவர்களையே கூலி கொடுத்து அமர்த்துங்கள். மாநகராட்சியின் சிஹ்லான்சிம்வேலோ திட்டம் இப்படித்தான் உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்களுக்கு ஓடைக்கரைகளைப் பராமரிக்கும் பொறுப்பைக் கொடுக்கிறது. உங்கள் பகுதியில் அந்தத் திட்டம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் இரட்டைச் செலவு வராது.

மினிசாஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஈ.கோலியை மாதம் ஒருமுறையும், படத்தை வறண்ட காலம், மழைக்காலம் என ஆண்டுக்கு இருமுறையும் அதே இடங்களில் எடுங்கள். எண் கெட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். எந்த மாதம் கெட்டது என்பதை வைத்துத்தான் எந்த மேன்ஹோல் என்று கண்டுபிடிப்பீர்கள்.

ஒப்படைக்கும்போது கொடுக்க வேண்டியவை: புகார் எண் அட்டவணை, குழாய் வரைபடத்தின் நகல், அனுமதிக் கடிதங்கள், அடையாளக் கம்புகளின் இடக் குறியீடு, களை எடுக்கும் நாள்காட்டி, வலையும் தட்டும். இவற்றைக் குழுத் தலைவரிடம் மட்டும் கொடுத்தால் அடுத்த தேர்தலில் தொலைந்துபோகும். இன்னொரு நகலை அருகிலுள்ள பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். குழுவைச் சேர்ந்த இருவர் உங்கள் உதவியின்றித் தாமே மாதிரி எடுத்து, எண்களை ஒழுங்காக அனுப்பத் தொடங்கியதும் உங்கள் கோப்பை மூடலாம்.